பாறை சொல்வதை யார் எழுதிவைப்பது?
சுரங்கப்பாதைப் பொறியியலில் அறிவும் ஒப்பந்தமும்

கேள்வி

பாலம் கட்டும் பொறியாளர் எஃகையும் கான்கிரீட்டையும் ஆய்வகத்தில் சோதித்து, வேண்டிய வலிமையைத் தானே நிர்ணயித்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார். மலையைக் குடைபவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய முதன்மையான கட்டுமானப் பொருள் பாறைதான். அதை அவர் தேர்ந்தெடுக்கவும் முடியாது, முழுதாகப் பார்க்கவும் முடியாது. மேலிருந்து சில இடங்களில் துளையிட்டு எடுத்த மாதிரிகளை வைத்துக்கொண்டு, கிலோமீட்டர் கணக்கில் நீளும் மலைக்குள் என்ன இருக்கும் என்று ஊகிக்கிறார். அதனால் இத்துறையின் அளவுகோல்கள் பெரும்பாலும் முன்பு தோண்டியவர்களின் பதிவுகளிலிருந்தே திரண்டன. பாறை தன்னைத் தாங்கும் எஃகு வளைவுகள் மேல் எவ்வளவு சுமை ஏற்றும் என்று கார்ல் டெர்சாகி 1946இல் வகுத்தபோது, ஆல்ப்ஸ் மலை ரயில் சுரங்கங்களின் அனுபவமே அவருக்கு ஆதாரம். தென்னாப்பிரிக்காவில் பீனியாவ்ஸ்கி 1973இல் பாறைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் முறையை முன்வைத்தார். அடுத்த ஆண்டு நார்வே புவித்தொழில்நுட்ப நிறுவனத்தின் பார்ட்டன், லீன், லுண்டே மூவரும் 212 சுரங்கப் பதிவுகளை அலசி ‘கியூ’ முறையை உருவாக்கினர். பாறையின் பிளவுகள், அவற்றின் சொரசொரப்பு, நீர், அழுத்தம் முதலிய ஆறு கூறுகளைச் சேர்த்து 0.001 முதல் 1000 வரை ஓர் எண்ணைத் தரும் அந்த முறை இன்று உலகெங்கும் புழங்குகிறது.

இப்படிப் பதிவுகளையே மூலதனமாகக் கொண்ட துறையில் பதிவுகள் தாராளமாகக் கைமாறும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. நல்லபடியாக முடிந்த திட்டங்களைப் பற்றி மாநாட்டுக் கட்டுரைகள் குவிகின்றன. சரிந்த இடங்கள், தண்ணீர் பீறிட்ட இடங்கள், இயந்திரம் சிக்கி நின்ற இடங்கள் ஆகியவற்றின் விவரம் மத்தியஸ்தக் கோப்புகளுக்குள் போய்விடுகிறது. அடுத்து தோண்டப்போகிறவருக்கு அதிகம் உதவக்கூடியது இந்த இரண்டாவது வகைதான். சில நாடுகளிலும் சில காலங்களிலும் இந்த அறிவு வெளியே வருவதும் மற்ற இடங்களில் முடங்குவதும் ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பாறை எதிர்பாராதபடி நடந்துகொண்டால் நட்டம் யார் தலையில் விழும் என்பதை ஒப்பந்தம் எப்படித் தீர்மானிக்கிறதோ, அதைப் பொறுத்தே அறிவு நகர்கிறது என்பது என் வாதம்.

வழக்கமான இரண்டு விளக்கங்கள்

முதல் விளக்கம் பொறியாளர்களே அடிக்கடி சொல்வது. ஒவ்வொரு மலையும் தனி, ஓரிடத்து அனுபவம் இன்னோர் இடத்துக்கு உதவாது, ஆகவே பகிர்ந்தும் பெரிய பயனில்லை என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. கியூ முறையின் மூலப் பதிவுகளில் பெரும்பகுதி ஸ்காண்டிநேவியாவின் கடினப் பாறைகளைச் சார்ந்தவை. அதன் எல்லைகளைப் பால்ம்ஸ்ட்ரோமும் புரோக்கும் 2006இல் விரிவாக விமர்சித்தனர். நொறுங்கிய, நசுங்கிய இமயப் பாறைகளுக்கு அதை அப்படியே பொருத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் அந்தக் குறையை எது நிரப்பியது என்று பார்த்தால் விளக்கம் கவிழ்ந்துவிடுகிறது. இமயத்துச் சுரங்கங்களின் பதிவுகளைத் திரட்டிய பவானி சிங்கும் ரூர்க்கி ஆய்வாளர்களும், எந்த ஆழத்தில் பாறை சுரங்கத்தை நெரிக்கத் தொடங்கும் என்பதற்கு 1992இல் ஒரு விதி தந்தனர். கியூ எண்ணின் கன மூலத்தை 350ஆல் பெருக்கினால் கிடைக்கும் மீட்டர் அளவைத் தாண்டி மேலே மலை இருந்தால் நெரிப்பை எதிர்பார்க்கலாம். கியூ 1 என்றால் அந்த எல்லை 350 மீட்டர், 0.1 என்றால் ஏறத்தாழ 160 மீட்டர்தான். இன்று உலகின் பல பாறைப் பொறியியல் பாடநூல்களில் இந்த விதி இடம்பெற்றிருக்கிறது. மலைகள் வேறுபடுகின்றன என்பது கூடுதல் பதிவுகள் வேண்டும் என்பதற்கே காரணமாகிறது.

இரண்டாம் விளக்கம் பண்பாட்டைக் குறை சொல்வது. நார்வேக்காரர் திறந்த மனத்தினர், நாம் எதையும் மூடிவைப்பவர்கள் என்ற பேச்சு நம் நாட்டுப் பொறியாளர்களிடையே சகஜம். வரலாறு இதற்கு இடம் கொடுக்கவில்லை. ரூர்க்கி ஆய்வாளர்களுக்குப் பதிவுகள் கிடைத்தது எப்படி? யமுனை நீர்மின் திட்டத்தின் சிப்ரோ–கோத்ரி சுரங்கத்தை உத்தரப்பிரதேசப் பாசனத் துறை நடத்தியது. கிரி–பாட்டா சுரங்கம் இமாசலப் பிரதேச மின்வாரியத்துடையது. சிப்ரோ–கோத்ரியில் இரு பெரும் முறிவுகளுக்கு இடைப்பட்ட நைந்த பாறையில் ஒரே பெரிய சுரங்கத்தைக் கொண்டுபோக முடியாமல் மூன்று சிறிய சுரங்கங்களாகப் பிரிக்க வேண்டியிருந்தது. திட்டத்துக்கு அது பின்னடைவு. ஆனாலும் அந்தத் தோல்வியின் அளவீடுகள் வெளியே வந்தன. மலையின் நட்டத்தை அரசுத் துறையே சுமந்ததால் அளவீட்டை மறைத்துவைப்பதில் எவருக்கும் லாபம் இருக்கவில்லை. அதே நாடு, அதே மனிதர்கள். பின்னர் மாறியது வேலையை ஒப்படைக்கும் முறை.

நார்வே: அரை மணி நேரத்தின் விலை

ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாலைச் சுரங்கங்கள் உள்ள நார்வேயில், பாறையின் நிலைக்குத் திட்ட உரிமையாளரே பொறுப்பு. வேலைத்திறனுக்கு மட்டும் ஒப்பந்ததாரர் பொறுப்பு. பாறை மோசமாக இருந்து கூடுதலாகப் பாறை ஆணிகளும் தெளிகான்கிரீட்டும் தேவைப்பட்டால், முன்பே ஒத்துக்கொண்ட அலகு விலைப்படி பணம் கிடைக்கும். அதற்கேற்ப வேலைக்கால அளவும் கணக்கிட்டு நீட்டிக்கப்படும். தோண்டும் முகப்பில் களிமண் பட்டை ஒன்று தென்பட்டால் அதை உடனே சொல்வது ஒப்பந்ததாரருக்கும் நல்லது, உரிமையாளருக்கும் நல்லது. நார்வேச் சுரங்கச் சங்கம் 1982 முதல் தன் நாட்டு அனுபவங்களை ஆங்கிலத்தில் தொகுதி தொகுதியாக வெளியிட்டு எவரும் படிக்கக் கொடுத்துவருவதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பெருந்தன்மை அவர்களிடம் இருக்கலாம். பெருந்தன்மையால் யாரும் நட்டப்படாத ஏற்பாடும் அங்கே இருக்கிறது.

அந்த ஏற்பாடு குறையற்றது என்று சொல்லவில்லை. 2006 டிசம்பர் 25 அன்று, சுமார் பத்தாண்டு மட்டுமே பயன்பாட்டில் இருந்த ஹானெக்லைவ் சாலைச் சுரங்கத்தில் ஏறக்குறைய 250 கன மீட்டர் பாறை சரிந்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை. வீங்கும் களிமண் கொண்ட பலவீனப் பகுதி ஒன்று கட்டும்போது போதிய தாங்கல் பெறாமல், உறை அமைப்புக்குப் பின்னால் மறைந்துவிட்டிருந்தது. விசாரணைக்குப் பின் எடுத்த முடிவுகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும், தெளிகான்கிரீட் பாறையை மூடுவதற்கு முன், உரிமையாளரின் நிலவியலாளர் முகப்பைப் பார்த்து வரைந்துகொள்வதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டது. ‘உரிமையாளரின் அரை மணி நேரம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. அதுவரை நிலவியலாளர் முகப்பில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வேலைக்கு இடைஞ்சல். அதன் பிறகு அது விலைபேசி வாங்கிய நேரம். நல்ல பதிவு வேண்டும் என்று எத்தனை வழிகாட்டி நூல்கள் சொன்னாலும் நடக்காதது, ஒப்பந்தத்தில் ஒரு வரியாக ஏறியதும் நடந்தது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தரவு கையிலிருந்தும்

தரவைத் திரட்டிவிட்டாலே அறிவு பரவிவிடும் என்ற நம்பிக்கையை இரண்டு சரிவுகள் உடைத்தன. 1994 அக்டோபர் 21 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் அடியில், புதிய ஆஸ்திரிய முறையில் தோண்டிக்கொண்டிருந்த ரயில் சுரங்கங்கள் சரிந்தன. அந்த முறைக்கு 1962இல் பெயர் சூட்டிய ராப்செவிச், 1964 கட்டுரைகளில் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பாறையின் அசைவை இடைவிடாமல் அளந்து, அதற்கேற்பத் தாங்கலை மாற்றிக்கொண்டே போவது அதன் உயிர்நாடி. முறையின் பெயர் நாடு நாடாகப் பயணம் செய்த வேகத்தில் அந்த நிபந்தனை பயணம் செய்யவில்லை. அதன் கோட்பாட்டு அடிப்படையையே கொவாரி போன்றோர் கடுமையாக எதிர்த்ததும் உண்டு. ஹீத்ரோவில் அளவீடுகள் எடுக்கப்பட்டன, நிலம் அசைவதை அவை காட்டவும் செய்தன. சுரங்கத்தின் அடிப்பகுதிக் கான்கிரீட் சரியாக அமையவில்லை. ஒருபுறம் பழுது பார்த்துக்கொண்டே மறுபுறம் அடுத்த சுரங்கத்தைத் தோண்டினார்கள். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையம் 2000இல் வெளியிட்ட அறிக்கை இதையெல்லாம் விரிவாக எடுத்துவைத்தது. வேலையின் தரத்தை ஒப்பந்ததாரரே சரிபார்த்துச் சான்றளிக்கும் ஏற்பாட்டின் பலவீனத்தையும் அது சுட்டியது. அளவீட்டைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், வேலையை நிறுத்தும் அதிகாரம் இன்னொரு பக்கம். வேலை நின்றால் யாருக்குச் செலவு என்ற கணக்கு இரண்டுக்கும் நடுவில் நின்றது.

பத்தாண்டு கழித்து, 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலையருகே மெட்ரோவுக்காகத் தோண்டிய 30 மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தனர். கடற்களிமண்ணின் வலிமையைக் கணினிக் கணக்கு கூடுதலாக மதிப்பிட்டிருந்தது. பக்கச் சுவர்களைத் தாங்கிய எஃகுக் குறுக்குத் தூண்களின் இணைப்புகள் பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்தன. இவை தொழில்நுட்பப் பிழைகள். சுவர் எச்சரிக்கை அளவைத் தாண்டி வளைந்தபோது, மறுகணக்கு போட்டு எச்சரிக்கை அளவையே உயர்த்தியதுதான் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே ஒப்பந்ததாரர் கையில் இருந்த திட்டம் அது. தன் வடிவமைப்பு தவறென்று காட்டும் அளவீட்டை நம்பினால் செலவு அவருக்கே. ஆனால் சிங்கப்பூர் அரசு அமைத்த விசாரணைக் குழு வெளிப்படையாக அமர்ந்து, 2005இல் தன் அறிக்கையை முழுதாக வெளியிட்டது. தற்காலிகத் தாங்கல் அமைப்புகளையும் நிரந்தரக் கட்டுமானத்துக்குரிய கண்டிப்புடன் வடிவமைக்க வேண்டும் என்ற அதன் பரிந்துரை அந்நாட்டு விதிகளை மாற்றியது. களிமண்ணில் ஆழப் பள்ளம் தோண்டுவதைப் படிக்கும் மாணவர் எந்த நாட்டவராயினும் இன்று இந்த அறிக்கையைப் படிக்காமல் முடிப்பது அரிது.

ஹீத்ரோவுக்குப் பின் பெரிய அழுத்தம் வந்தது காப்பீட்டாளர்களிடமிருந்து. தொடர் இழப்புகளால் சுரங்கத் திட்டங்களுக்குக் காப்பீடு தருவதே நின்றுபோகும் நிலையில், பிரிட்டன் காப்பீட்டாளர் சங்கமும் சுரங்கச் சங்கமும் சேர்ந்து 2003இல் அபாய மேலாண்மை நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தன. 2006இல் அது பன்னாட்டு வடிவம் பெற்றது. நிலத்தடி அபாயங்களை எழுதிவைத்து எல்லாத் தரப்புக்கும் காட்டாவிட்டால் காப்பீடு கேள்விக்குள்ளாகும் என்ற நிலை உருவானது. அறிவைப் பகிரவைத்தது மீண்டும் பணப்பொறுப்புதான்.

இமயம்

2023 நவம்பர் 12, தீபாவளி நாளன்று உத்தரகாசி மாவட்டத்தில் சில்க்யாரா–பர்கோட் சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அடைபட்டனர். 17 நாள் போராட்டத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. துளையிடும் இயந்திரம் இடிபாட்டுக்குள் முறிந்து நின்ற பின், ‘எலிவளைச் சுரங்கக்காரர்கள்’ என்று அழைக்கப்பட்ட சிலர் குழாய்க்குள் ஊர்ந்துபோய்க் கையால் கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தோண்டி வழி திறந்தனர். மேகாலயாவின் எலிவளை நிலக்கரிச் சுரங்க முறையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை செய்திருந்ததால் அந்தப் பெயர் பலரை நெளியவைத்தது. உண்மையில் அவர்கள் நகரங்களில் குடிநீர், சாக்கடைக் குழாய் பதிக்கும் தொழிலாளர்கள். பாறையைத் தொட்டு அறிந்த இத்தகைய கைகளின் அறிவு எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. கோலார் தங்கவயலில் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கே நேர்ந்த பாறை வெடிப்புகளைப் பற்றிய ஆய்வு வளர்ந்து, 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே நிறுவப்பட்டது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது தொழிலாளர்களின் அறிவுக்கு அப்படி ஒரு நிறுவனம் இருக்கவில்லை.

சில்க்யாராவுக்கு 2018இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, தப்பிக்கும் வழியோடு கூடிய சுரங்கம் என்றே அறிவித்தது. வேலை நடந்தது வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் மூன்றையும் ஒரே கையில் கொடுக்கும் இபிசி முறையில். இத்தகைய ஒப்பந்தங்களின் பொதுவான சாரம் எளிது: மொத்தத் தொகை முன்பே முடிவாகிவிடும், இடத்தைப் பார்த்து உணர்ந்தே ஒப்பந்ததாரர் வந்திருக்கிறார் என்று கொள்ளப்படும், மலையின் துரோகம் பெரும்பாலும் அவர் கணக்கில் எழுதப்படும். முகப்பில் காணும் கெட்ட செய்தி அவருக்குச் செலவாகவோ, பின்னாளில் இழப்பீடு கோரும் ஆயுதமாகவோ மட்டுமே மதிப்புப் பெறுகிறது. இரண்டு நிலையிலும் அதை அடுத்த திட்டத்துக்காரருக்குச் சொல்ல அவருக்குக் காரணம் இல்லை. இமயத்துக்கு வெளியே, 2025 பிப்ரவரி 22 அன்று தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கத்தில், வாயிலிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உள்ளே கூரை இடிந்து எட்டுப் பேர் சிக்கினர். அந்தப் பகுதியில் நீர் நிறைந்த முறிவு இருக்கலாம் என்று 2020இலேயே ஓர் ஆய்வு எச்சரித்திருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. அந்த ஆய்வு யார் மேசையில் இருந்தது என்பதே பிறகு விவாதமானது.

உத்தராகண்டின் ஜோஷிமட் ஊரின் கதை இன்னும் நீளமானது. அந்த ஊர் பழைய நிலச்சரிவுப் படிவின் மேல் அமைந்திருக்கிறது என்று 1976இல் மிஸ்ரா குழு எச்சரித்தது. 2009 டிசம்பர் 24 அன்று அதன் அருகே தபோவன்–விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்தின் சுரங்க இயந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றைக் குத்தி உடைத்தது. நொடிக்கு 700–800 லிட்டர் நீர் வெளியேறியதாக ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் 2010இல் ஒரு குறிப்பை வெளியிட்டது. 2023 ஜனவரியில் ஊரின் வீடுகளில் விரிசல் விழுந்தபோது, ஊர் 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததாகக் காட்டிய இஸ்ரோ அறிக்கை இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆய்வு நிறுவனங்களை ஊடகங்களோடு பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. எட்டு நிறுவனங்களின் அறிக்கைகள் அந்த ஆண்டு செப்டம்பரில், உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பின்பே வெளிவந்தன. சுரங்கத்துக்கும் ஊர் தாழ்ந்ததற்கும் தொடர்பு உண்டா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. திட்ட நிறுவனம் மறுக்கிறது. அந்த மறுப்பே சரியாகவும் இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கச் சுரங்கத்தின் நீர், பாறைப் பதிவுகள் பொதுவில் இருக்க வேண்டும்.

மறுப்புகள்

பாதுகாப்புக் காரணம் முதலில் வரும்: இமயச் சாலைகள் எல்லைப் படைக்கானவை, விவரம் வெளியே போகலாமா? ரோதாங்கின் அடியில் எல்லைச் சாலைகள் அமைப்பு கட்டிய 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைவிட ராணுவ முக்கியத்துவம் கொண்டவை குறைவு. அங்கே சேரி நாலா ஓடையின் கீழுள்ள 587 மீட்டர் முறிவுப் பகுதியைக் கடக்க ஏறத்தாழ நான்கு ஆண்டு பிடித்த விவரம் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. பீதி பரவும் என்ற வாதத்துக்கு ஜோஷிமட்டே பதில்: அறிக்கை நீக்கப்பட்ட செய்திதான் அதிகப் பீதியைக் கிளப்பியது.

குற்றவியல் பொறுப்பு பற்றிய மறுப்பு இவற்றைவிடக் கனமானது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று மெட்ரோ பணியிடத்தை ஒட்டியிருந்த நகர ஆவணக் காப்பகம் இடிந்து இருவர் இறந்தனர். காரணத்தைக் கண்டறியப் பூமிக்கடியில் தனிக் கட்டமைப்பு அமைத்துத் தேட வேண்டியிருந்தது. வழக்கு பத்தாண்டைத் தாண்டியது. சிறைக்கு அஞ்சும் பொறியாளர் உண்மையைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது வெகுளித்தனம். இதற்குத் தீர்வு விமானத் துறையில் இருக்கிறது: அங்கே விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது என்று பன்னாட்டு விதியே சொல்கிறது, தண்டனைக்கான வழக்கு தனியாக நடக்கிறது. சுரங்கத்துக்கும் அப்படி ஒரு பிரிவினை சாத்தியமே.

என் வாதத்துக்கே எதிரான மறுப்பும் உண்டு. ஒப்பந்தத்தைத் திருத்தினால் போதுமென்றால் அமெரிக்காவில் எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். எதிர்பாராத நில நிலைமைக்கு ஈடு தரும் விதி அங்கே கூட்டரசு ஒப்பந்தங்களில் 1920களிலிருந்தே இருக்கிறது. நிலத்தின் நிலை பற்றிய எதிர்பார்ப்பை முன்பே எழுதிவைக்கும் அடிப்படை அறிக்கை முறையும் அங்கே வளர்ந்தது. 2019இல் பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட ‘மரகத நூல்’ அதைப் பன்னாட்டு ஒப்பந்த வடிவமாக்கியது. ஆனால் அந்த அறிக்கை ஒப்பந்த ஆவணமாகிவிட்டதால், நிலவியலாளர் தான் நம்புவதை எழுதாமல் வழக்கறிஞர் அனுமதிப்பதை எழுதும் போக்கும் கூடவே வந்தது. இந்த மறுப்பை ஏற்கிறேன். அபாயத்தைப் பங்கிடுவது பொய் சொல்வதன் லாபத்தைக் குறைக்கும். உண்மையை வெளியே கொண்டுவர அதற்கு மேல் ஒரு சட்டக் கடமை வேண்டும்.

வைப்பகம்

அந்தக் கடமைக்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் 2018 முதல் அரசு அமைப்புகள் தங்கள் நிலத்தடித் தரவைத் தேசியப் பதிவேட்டில் சேர்க்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. 1970களின் கொடிய நிலச்சரிவுகளுக்குப் பின் ஹாங்காங் அமைத்த புவித்தொழில்நுட்ப அலுவலகம், உலகெங்கும் நடந்த சுரங்கச் சரிவுகளைத் தொகுத்து எவரும் படிக்க வெளியிட்டுவருகிறது. இந்தியாவும் 2023 டிசம்பரில் தேசியப் புவியறிவியல் தரவு வைப்பகத்தைத் தொடங்கியது. கனிமத் தேடலுக்காகத் தொடங்கியது. ஏலத்தில் பணம் வரும் என்பதால் பாறையின் தரவைத் திறக்க முடிந்த அரசால், ஆட்கள் உள்ளே போய் வேலை செய்யும் பாறையின் தரவையும் திறக்க முடியும். பொதுப்பணத்தில் தோண்டும் ஒவ்வொரு சுரங்கத்தின் துளை மாதிரி விவரம், முகப்பு வரைபடம், அசைவு அளவீடு, சரிவு விசாரணை அறிக்கை ஆகியவற்றை இந்த வைப்பகத்தில் சேர்ப்பதை இறுதித் தவணைப் பணத்துக்கான நிபந்தனையாக்க வேண்டும். முகப்பில் நிலவியலாளர் நிற்கும் நேரத்துக்கு ஒப்பந்தத்திலேயே தொகை ஒதுக்க வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் மெட்ரோ நிறுவனங்களும் நீர்மின் நிறுவனங்களும் தங்கள் அடுத்த டெண்டரிலேயே இதைத் தொடங்கலாம். புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.